ஏப்ரல் ஒன்பது வரை டோஹுவா

என் பெயர் ட்ரின் லுவான். வயது இருபத்து மூன்று. தைவானில், கங்ஷான் ஊரில், ஸ்க்ரூ கம்பெனியின் மூன்றாம் எந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் போனில் பேசி எழுத்தாகப் பதிகிறேன். இரைச்சலில் ஏதாவது வார்த்தை மாறி விழுந்திருந்தால், அக்கா, நீ சரி செய்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அத்தானும் கேட்கட்டும்.

பிப்ரவரியில் வரும் சந்திரப் புத்தாண்டுக்கு நான் ஊருக்கு வரமாட்டேன். காரணம் ஒரு நாய். அத்தான் சிரிப்பார். சிரிக்கட்டும்.

டோஹுவா எங்கள் கம்பெனி நாய். வெள்ளை நிறம், நீள உடம்பு, குட்டைக் கால், பதினோரு வயது. மூன்று வாரத்துக்கு முன் லாரியின் பின்பக்கத்திலிருந்து குதித்தது. தினமும் குதிப்பதுதான். அன்று ஒரே ஒரு தடவை கத்தியது. பிறகு பின்னங்கால் இரண்டும் ஈரத்துணி மாதிரி இழுபட, முன்னங்காலால் ஊர்ந்து வந்து என் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

காற்றுப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். நீங்கள் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பீர்கள். பச்சைத் தைல எண்ணெயைத் தடவி, அம்மா எனக்குச் செய்வது போலவே, கரண்டி விளிம்பால் முதுகு நெடுகச் சுரண்டினேன். தோல் சிவந்தால் காற்று வெளியேறிவிடும் அல்லவா. அது நடுங்கிக்கொண்டே என் கையை நக்கியது. இப்படி இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் கால்நடை டாக்டர் லாய் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். முதுகில் சிவப்புக் கோடுகளைக் கண்டதும் யார் வேலை இது என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

"நசுங்கின நரம்பு மேல கரண்டி வச்சுத் தேய்ச்சிருக்க. இனிமே அந்த எண்ணெய் வாசனையே இந்த நாய்கிட்ட வரக் கூடாது, புரியுதா?"

பிறகு இடுக்கியால் பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினார். டோஹுவா தலையைத் திருப்பி உறுமியது. டாக்டர் முகம் அப்போதுதான் இளகியது. வலி தெரிகிறது, நரம்பு சாகவில்லை, ஆனால் உத்தரவாதம் இல்லை என்றார். மருந்தோடு ஆறு வாரம் கூண்டுக்குள் இருக்க வேண்டும். தானாக மூத்திரம் போகாது. தினமும் மூன்று வேளை வயிற்றை அமுக்கி எடுக்க வேண்டும்.

முதலாளி கோ கெட்டவர் இல்லை. தோளில் கை வைத்துத்தான் சொன்னார்.

"ஓடாத எந்திரத்த நான் ஷெட்ல வச்சதில்ல, ஆ-லுவான். பாவம், அது படுற பாடு போதும். புத்தாண்டுக்கு முன்னால ஊசி போட்டு அனுப்பிடுவோம்."

அவ்வளவு அன்பாகச் சொன்னதுதான் எனக்குக் கோபம்.

இங்கே ஒவ்வொரு எந்திரத்தின் மேலும் தேங்காய் வாசனைப் பொரி ஒரு பொட்டலம் இருக்கும். பச்சைப் பொட்டலம் மட்டும்தான் வைப்பார்கள். அது இருந்தால் எந்திரம் சொன்ன பேச்சுக் கேட்கும். மேலே அச்சடித்த காலாவதித் தேதி முடியும்வரை யாரும் அதை எடுக்க மாட்டார்கள். தேதி வந்ததும் முதலாளியே புதுசு மாற்றுவார். புதிதாக வந்த ஒருவன் பசியில் ஒன்றைப் பிரித்துத் தின்று, அன்றே ஐந்தாம் எந்திரம் நின்றுபோன கதையை இன்றும் சொல்வார்கள்.

நான் கடைக்குப் போனேன். அலமாரியின் கடைசி வரிசை வரை கையை விட்டு, இருப்பதிலேயே தள்ளிய தேதி போட்ட பச்சைப் பொட்டலத்தை எடுத்தேன். ஏப்ரல் ஒன்பது. ஷெட்டில் இருந்த டோஹுவாவின் கூண்டின் மேல் வைத்தேன்.

நாய்க்கு எத்தனை குதிரைத்திறன் மோட்டார் தம்பி என்று கூட வேலை செய்யும் ஹுங் அண்ணன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி வந்தார். பொட்டலத்தை நோக்கிக் கையை நீட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அதைத் திருப்பித் தேதியைப் படித்தார். திரும்ப அதே இடத்தில் நேராக வைத்தார்.

"தேடிப் பிடிச்சு வாங்கியிருக்க, கள்ளப் பய. சரி, ஒம்போதாந்தேதி வரைக்கும் இது உன் எந்திரம். அதோட மூத்திரமும் உன்னோடது."

முதல் வாரம் என் விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு சொட்டுகூட வராமல் நான்தான் அழுதேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டும் இடம் தெரியும். போன செவ்வாய்க்கிழமை பின்னங்காலைத் தொட்டபோது மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. டாக்டர் சொன்னபடி நேற்று வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தேன். பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். நான் நான்கு மூச்சு விடும்வரை அது நின்றது. பிறகு சாய்ந்தது. பின்னாலிருந்து முதலாளி குரல் கேட்டது.

"ஓடும் போலிருக்கே. ஆயில் மட்டும் போட்டுடாத."

அக்கா, வெறும் நாய்தானே என்று நீயும் போனில் சொன்னாய். நம் ஊராக இருந்தால் இந்நேரம் சட்டிக்குப் போயிருக்கும் என்று அத்தான் சொன்னதும் கேட்டது. இது நம் ஊர் இல்லை. அதன் வயிற்றில் வேறு யார் கை வைத்தாலும் கடிக்கிறது. ஒரு நாள் அமுக்காமல் விட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்கிறார் டாக்டர். அந்த முதுகைச் சுரண்டியது என் கை. மூன்று வாரம் ஊரில் உட்கார்ந்து சாப்பிட அந்தக் கை வராது.

அத்தான் எடுத்து வைத்திருக்கும் விமான டிக்கெட்டை இன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். ஏப்ரல் ஒன்பதுக்கு முன்னால் எந்தத் தேதிக்கும் வேறு எடுக்க வேண்டாம்.