பதினேழாவது குறை

இரண்டு பட்டியல்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகும் வரிகளைப் பென்சிலால் இணைத்துக்கொண்டே வந்தவள் பதினேழாவது வரியில் நின்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு வரப்போகும் மருந்து ஏற்றும் மெஷினின் திரையில் என்னென்ன குறை என்று இரண்டு வழியில் தேடியிருந்தார்கள். அவள் எட்டு நர்ஸுகளைக் கூப்பிட்டு, அவர்கள் அதை இயக்குவதைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்தாள். ஆபீஸில் எல்லோரும் தாடி என்று சொல்லும் மூத்த நிபுணர், தனியறையில் உட்கார்ந்து திரையை வடிவமைப்பு விதிகளோடு ஒப்பிட்டார். முடியும்வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒருவர் கண்டதையெல்லாம் மற்றவரும் கண்டிருந்தால், இனி அந்த மற்றவரின் வழி மட்டும் போதும். தாடி ஜெயித்தால் நர்ஸுகளைக் கூப்பிடும் வேலை இருக்காது, அவளுக்கும் இருக்காது.

அவள் கண்டவை ஒன்பது. ஒன்பதும் அவருடைய முப்பத்தொன்றுக்குள் இருந்தன. எட்டை நம்பலாம். சின்ன எழுத்து, ஒட்டி ஒட்டி இருக்கும் பொத்தான்கள் எல்லாம் பார்த்தாலே தெரிபவை. ஆனால் இந்தப் பதினேழாவது? மெஷின் சத்தம் போட்டதும் நர்ஸுகள் திரையைப் பார்க்கவில்லை. நோயாளியாகப் படுத்திருப்பது வெறும் பொம்மை என்று தெரிந்தும் அதன் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் திரையில் எச்சரிக்கை மறைந்துவிட்டது. ஒரு நர்ஸின் கழுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எந்த விதியில் எழுதியிருக்கிறது?

நர்ஸுகளை எடுத்த வீடியோவை ஆபீஸ் கம்ப்யூட்டரில் யார் யார் திறந்தார்கள் என்று தேடினாள். அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. அதுவும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அவளுடைய பாஸ்வேர்டு மகளின் பெயர் என்பது ஆபீஸுக்கே தெரியும்.

அவர் அறைக்குப் போய், பதினேழாவது எப்படிக் கிடைத்தது என்று நேராகவே கேட்டாள். அனுபவம்தான் என்றார். அவள் நகரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கம்மாவுக்கு இதே கம்பெனியோட பழைய மெஷின்தான் போட்டிருந்தாங்க. பதினோரு நாள் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்மா. சத்தம் வந்தப்பல்லாம் அம்மா முகத்தத்தான் பாத்தேன்."

போன வருஷம் வீடு மாற்றுவதாகச் சொல்லி அவர் பதினோரு நாள் லீவு போட்டது அவளுக்கு நினைவிருந்தது. அப்போது பொய் சொன்னாரா, இப்போது சொல்கிறாரா?

"அப்போ அது விதியப் பாத்து கண்டுபிடிச்சது இல்லையே சார். நீங்களும் ஆளப் பாத்துதான் கண்டுபிடிச்சிருக்கீங்க. ரிப்போர்ட்ல அப்படியே எழுதிடுறீங்களா?"

அவர் ஒரு தாளை எடுத்து, இரண்டு வரி எழுதி, அவள் பக்கம் நீட்டினார். அவள் பிடித்து இழுத்தாள். அவர் விரல்கள் விடவில்லை. தாள் இருவருக்கும் நடுவில் விறைப்பாக நின்றது.