மோதிரத்தின் எண்

ஏ.எஸ்.ராவ் நகரில் ஜகதீசனைத் தெரியாதவர்கள் குறைவு. மின்னணுத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் தரப் பரிசோதனை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பால் பாக்கெட், பக்கத்து வீட்டு மோட்டார், கோயில் பிரசாதம் என்று கையில் அகப்பட்டதை எல்லாம் சோதித்து நிராகரித்துக்கொண்டிருந்தார். அவர் இதுவரை நிராகரிக்காத ஒரே சரக்கு அவருடைய சொந்த அபிப்பிராயம்தான் என்பது மனைவி நீலாவின் கருத்து.

மருமகள் ஹம்ஸினியின் வளைகாப்புக்கு ஒரு ஜோடி தங்க வளையல் போடுவதென்று முடிவானது. பெரிய கடைக்குப் போகலாம் என்றாள் நீலா. அவர்கள் விளம்பரச் செலவை நம் தலையில் கட்டுவார்கள் என்று சொல்லிவிட்டு, திருமுல்கேரியில் ஒரு சின்னக் கடையில் அவரே தனியாகப் போய் வாங்கி வந்தார். பில் கேட்டதற்கு, பில் போட்டால் வரி தண்டம் என்று அவளுக்குப் பொருளாதாரம் கற்பித்தார்.

வளைகாப்புக்கு மதுரையிலிருந்து சம்பந்தியம்மாள் தங்கம் வந்தாள். மகள் கழுத்தில் தன் இரட்டை வடச் சங்கிலியைப் போட்டாள். ஜகதீசன் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். 

முக்கோண முத்திரை இருக்கவேண்டும், ஆயிரத்தில் தொள்ளாயிரத்துப் பதினாறு பங்கு தங்கம் என்பதற்கு 916 இருக்கவேண்டும், ஒவ்வொரு நகைக்கும் தனியாக ஆறு எழுத்தில் ஓர் எண் இருக்கவேண்டும் என்று கூடியிருந்த பெண்களுக்கு விளக்கினார்.

"இதுல முத்திரை இருக்கு, நம்பர் இல்ல. குறையாச் சொல்லல, சும்மா சொல்றேன்" என்றார்.

தங்கத்தின் முகம் சுருங்கிப்போனது. அந்த எண் வந்ததே இரண்டாயிரத்து இருபத்தொன்றில்தான், சங்கிலி அதற்கு முந்தியது என்று ஹம்ஸினி சொல்லிப் பார்த்தாள். காது கொடுத்துக் கேட்பது அவர் துறையில் இல்லை. ஒழுங்கான நகை எப்படி இருக்கும் என்று காட்ட, தாம் வாங்கிய வளையலின் எண்ணை அரசாங்க ஆப்பில் அடிக்கச் சொன்னார்.

ஹம்ஸினி அடித்துவிட்டுத் தயங்கினாள். "மாமா, ரிங்னு வருது."

"சரியா அடிம்மா."

"ரிங்தான். கடை பேரும் வேற."

தனி எண் பற்றி இப்போதுதான் பாடம் எடுத்த மனிதர், இரண்டு வளையலிலும் ஒரே எண் இருந்ததைப் பார்க்கவே இல்லை. அரசாங்கம் ஆப்பைச் சரியாகப் பரிசோதிக்காமல் வெளியிட்டுவிட்டதாகத் தீர்ப்பு சொல்லிவிட்டு, சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னார்.

மறுநாள் நீலா எல்லாவற்றையும் ஹால்மார்க் மையத்துக்குக் கொண்டுபோனாள். சங்கிலி அசல் இருபத்திரண்டு காரட். வளையல்கள் பதினெட்டு காரட்தான். ஜகதீசன் கடைக்குப் பாய்ந்தார், ஒரு மணி நேரத்தில் திரும்பினார். பில் எங்கே என்று கேட்டார்களாம். டீ மட்டும் நன்றாக இருந்ததாம். பிறகு நான்கு பக்கத்தில் புகார் எழுதத் தொடங்கி, பில் எண் கேட்கும் இடத்தில் நின்றுவிட்டார்.

சனிக்கிழமை நீலா தங்கத்தை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனாள். நல்ல கூட்டம். இருவரும் சோபாவில் வசதியாக உட்கார்ந்தார்கள். மோதிரம் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் நீலா ஊர்ப் பாஷையான தெலுங்கில் அன்பாகச் சொன்னாள்: எண்ணைப் போனில் பார்த்துவிடு அம்மா, இங்கே வாங்கிய எங்கள் வளையல் மோதிரமாகிவிட்டது, உன் மோதிரம் என்னவாகுமோ. அடுத்தவளிடமும் அதே அக்கறை. மூன்றாவது பெண் கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தபோது முதலாளி ஓடிவந்தார்.

"கைக்கும்மா, எதுக்கும்மா இதெல்லாம்? உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"நக்கோ, வேணாம். இங்கயே காத்து நல்லா வருது" என்றாள் நீலா.

அரை மணியில் வேறு ஜோடி வளையல் வந்தது. தங்கம் எண்களைப் படிக்க, நீலா போனில் அடித்துப் பார்த்தாள். இரண்டும் வளையல்கள், இரண்டும் வேறு வேறு எண். மையத்தில் சோதித்துத் தரும் வரை எழுந்திருக்க மாட்டோம் என்றதும், கடை ஆளே கொண்டுபோய்ச் சான்றோடு வந்தான். பில்லும் வந்தது.

வீட்டில் ஜகதீசன் வளையல்களைப் பூதக்கண்ணாடியில் பத்து நிமிஷம் பார்த்தார். பில்லை இரண்டு தரம் படித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தங்கத்திடம் போய், "உங்க செயின் பாஸ், சம்பந்தி" என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

"ரொம்ப சந்தோஷம் சம்பந்தி" என்று தங்கம் முகம் மாறாமல் சொன்னாள். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அவளும் நீலாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.