சூளைவாசல் கம்பம்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் பெட்டி அடுக்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கரண்டு ஃபியூஸுக்கான பீங்கான் கப்புகளைச் சூளையில் சுட நிரப்பிய மண்பெட்டிகளை ட்ராலியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சூளைவாசல் இரும்புக் கம்பத்தைப் பார்ப்பார்கள். அடுக்கும் கம்பமும் இணையாக நின்றால் சரி. அடுக்குகிறவர்களில் ஒருத்தியான லீமாவுக்கு அந்தக் கம்பம் வேதவாக்கு.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், தீபாவளிக்கு முந்தின வாரம். அவசர ஆர்டர் என்று மேஸ்திரி கலியபெருமாள் வழக்கத்தைவிட இரண்டு பெட்டி கூடுதலாக ஏற்றச் சொன்னார். ஏற்றிவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தவள் மறுபடியும் பார்த்தாள். காலையில்தான் வாசலில் புது பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். அதன் நீள வயர் மேலே கம்பத்தை ஒட்டியும் கீழே நான்கு விரல் விலகியும் நின்றது.

காற்றே இல்லை. பாரத்தில் தொங்குகிற வயர் எப்படிச் சாயும்? சாய்ந்திருப்பது கம்பம்! வருஷக்கணக்காகச் சூடு வாங்கிச் சுவர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதைப் பார்த்து அடுக்கிய அடுக்கும் அதே சாய்வில் நின்றது. இரண்டும் ஒரே கோணல், அதனால்தான் நேராகத் தெரிந்தன.

"மேஸ்திரி, கம்பம் கோணலா இருக்குதுங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வேலையப் பாரும்மா." அவர் போய்விட்டார்.

மேலே ஒரு பெட்டி கரகரத்தது. அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில், சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தபடி குந்தியிருந்தான் அவள் புருஷன் டோமினிக். கத்தினால் வெடுக்கென்று எழுவான், தோள் இடிக்கும், அத்தனை பாரமும் அவன் தலையில் இறங்கும். மாதாவே, என் புருஷனைக் காப்பாத்து! தினமும் கூப்பிடுகிற குரலிலேயே கூப்பிட்டாள்.

"ஏங்க, டீ வந்துடுச்சு."

"இருடி, இந்தக் கல்ல வெச்சிட்டு வரேன்."

"தங்கராசு ஒங்க டீயையும் சேத்துக் குடிக்கிறாரு."

அது பலித்தது. கூட வேலை பார்க்கிற தங்கராசுவைத் திட்டிக்கொண்டே அவன் பக்கவாட்டில் ஊர்ந்து வெளியே வந்தான். வந்து நிமிர்வதற்குள் அடுக்கு சரிந்து சுவரில் மோதி நொறுங்கியது. அவன் குந்தியிருந்த இடம் ஓட்டுக்குவியலுக்கு அடியில் போய்விட்டது.

ஓடிவந்த கலியபெருமாள் திட்ட வாயெடுத்தார். பிறகு ஒரு கண்ணை மூடி வயரைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார்.

டோமினிக்குக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. தூசிக்குள் நின்று கையை நீட்டினான். "டீ எங்கடி?"

லீமா அந்தக் கையிலேயே ரெண்டு அடி போட்டுவிட்டு, அதையே பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.