நாலாவது லைன்

வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். யாரோ எழுதியதில் ஒரு ஒற்று விட்டுப்போனால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது. அடுத்தவர் பிழையைப் பார்த்துப் பார்த்து, தன்னிடம் பிழையே கிடையாது என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. அது எவ்வளவு பெரிய தொல்லை என்று கட்டிக்கொண்டவளைத்தான் கேட்க வேண்டும்.

அவள் பின்னறையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஒன்று வைத்திருந்தாள். மூன்று வருஷமாகத் துண்டு துக்கடா வேலைதான். இப்போதுதான் முதல் தடவையாக ஒரு பள்ளிக்கூடம் குதிரைப் படம் போட்ட பேட்ஜ் இருநூற்று நாற்பது கேட்டிருந்தது, வியாழக்கிழமைக்குள். நடுவில் கரண்ட் போனால் மெஷினுக்குள் இருக்கும் பேட்டரி ஒரு நிமிஷம்தான் தாங்கும்; அதற்குள் வராவிட்டால் ஊசி அப்படியே நின்றுவிடும். திரும்பி வரும்போது தையல் இடம் மாறி விழும். இதுவரை பதினேழு குதிரைகள் பின்னங்கால் இல்லாமல் குப்பைக்குப் போயிருந்தன. சொன்ன நாளில் கொடுக்காவிட்டால் அந்தப் பள்ளிக்கூடம் இனி அவள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

அதனால்தான் ஜெனரேட்டர் பேச்சே எழுந்தது. வீட்டைப் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் முதலில் வீட்டுக்காரர் காட்டிய இடத்தை வேண்டாம் என்றார். "ஜன்னலுக்குக் கீழ வச்சா புகை உள்ள வரும் சார், தூக்கத்துலயே போய்ச் சேர்ந்துடுவீங்க." பிறகு கணக்குப் போட்டுப் பார்த்து, "நாலு லைன்தான் தாங்கும். எந்த நாலுன்னு பேசி வைங்க, திங்கக்கிழமை வரேன்" என்று போனார்.

தண்ணீர் மோட்டார், சமையலறை, படுக்கையறை. மூன்றில் தகராறே இல்லை. நாலாவது ஹாலா, பின்னாலுள்ள தையல் அறையா என்பதில்தான் வீடு இரண்டாகியது. கூடவே இருக்கும் நாத்தனாரையும் சேர்த்து ஓட்டெடுப்பு நடந்தது.

"ஹால்ல டிவி இருக்கு, நாலு பேர் வந்து போற இடம். உன் மெஷின் ஒரு பொழுதுபோக்குதானே?" என்றார் வீட்டுக்காரர்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி, எனக்கு சீரியல் பார்க்கணும்" என்றாள் நாத்தனார்.

ரெண்டுக்கு ஒன்று. பொழுதுபோக்காமே! முதுகு ஒடிய உட்கார்கிறவளுக்குத்தானே தெரியும்?

திங்கட்கிழமை காலை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் வாசலருகே இருந்த ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தாள். மெஷின் வந்த புதிதில் அவர் வெள்ளைப் பிளாஸ்திரியில் முத்து முத்தாக எழுதி ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் மேலே ஒட்டியிருந்தார். 'ஹால்' என்பதையும் 'தையல் அறை' என்பதையும் நகத்தால் மெல்ல உரித்து இடம் மாற்றி ஒட்டினாள். எலெக்ட்ரீஷியன் ஹால் என்று நினைத்துத் தையல் அறைக்கு இணைப்புக் கொடுத்துவிட்டுப் போவார். அப்புறம் எவன் பிரித்துப் பார்க்கப் போகிறான்?

வந்த மனுஷன் பெட்டியைத் திறந்ததுமே குண்டைத் தூக்கிப் போட்டார். "ஸ்டிக்கரை நம்பி நான் வேலை செய்யறதில்ல. ஒவ்வொண்ணா அணைச்சுப் பார்த்துடுவேன்."

மாட்டினோம் என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள். அவர் 'ஹால்' என்றிருந்த ஸ்விட்சைக் கீழே தட்டினார்.

"ஐயோ, டிவி போச்சு!" என்று ஹாலிலிருந்து நாத்தனார் கத்தினாள்.

'தையல் அறை'யைத் தட்டினார். பின்னறை விளக்கு அணைந்தது. மாற்றி ஒட்டியது எப்படிச் சரியாக இருக்கும்? ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. பிழைதிருத்தும் பெரியவர் முதலிலேயே மாற்றித்தான் ஒட்டியிருக்கிறார்! திருட்டுத்தனம் பண்ணப் போய் அவர் பிழையைத் திருத்தித் தொலைத்திருக்கிறாள்.

"இருபது வருஷ சர்வீஸ்ல எல்லா ஸ்டிக்கரும் சரியா இருக்கற வீட்டை இப்பத்தான் பார்க்கறேன் சார்" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"நமக்குப் பிழைன்னாலே ஆகாது. ஒட்டின நாள்லேர்ந்து ஒரு எழுத்து மாறல" என்று வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

லைன் போனதுகூடப் பரவாயில்லை. தன் திருட்டுக்கு இவர் பாராட்டு வாங்குவதை அவளால் தாங்க முடியவில்லை. "நான்தாங்க மாத்தி ஒட்டினேன்! இன்னிக்குக் காலைல!" என்று போட்டு உடைத்தாள்.

எலெக்ட்ரீஷியன்தான் முதலில் கேட்டார். "அப்ப இத்தனை நாளா தப்பாவா இருந்துச்சு? பின்னறைல யாராவது வேலை பார்த்திருந்தா என்ன ஆகியிருக்கும் சார்?"

"பார்த்தாங்களே" என்றாள் நாத்தனார், வாயிலிருந்து கையை எடுத்து. "ஃபேன் மாட்ட வந்தவருக்கு ஷாக் அடிச்சு ஸ்டூல்லேர்ந்து விழுந்தாரு. ஸ்விட்சை அணைச்சாச்சே, உனக்குக் கவனம் போதாதுன்னு அண்ணன் அவரைத்தான் திட்டினாரு."

வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. அவளுக்கே பாவமாக இருந்தது. இருந்தாலும் இந்தச் சந்தர்ப்பத்தை விடுகிற அளவுக்குப் பாவமாக இல்லை. "எனக்கு அந்த லைன் வேணும்ங்க. அது என் பிழைப்பு" என்றாள்.

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "தையல் ரூமுக்கே குடுங்க" என்றார் கடைசியில். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஸ்டிக்கர் விஷயம் மட்டும் வாசலைத் தாண்டக் கூடாது" என்றார். யாரும் சொல்ல மாட்டோம் என்று மூன்று பேரும் தலையாட்டினார்கள். பிறகு எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

புதன்கிழமை மதியம் கரண்ட் போனது. வெளியே ஜெனரேட்டர் உறுமியது. மெஷின் ஒரு கணம் மூச்சைப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து குதிரையின் வயிற்றைத் தைத்தது. அன்று விடுப்பில் இருந்த வீட்டுக்காரரும் நாத்தனாரும் ஹால் புழுக்கம் தாளாமல் பின்னறை ஃபேனுக்குக் கீழே வந்து உட்கார்ந்தார்கள். அவள் ஆளுக்கொரு கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தாள்.

தொங்கும் நூலை நறுக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், "இதுல கடிவாளம் ஒரு தையல் குறையுது. தனியா வை" என்றார். ஒரு குதிரையும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

கரண்ட் வந்தது. ஹாலில் டிவி தானாக அலற ஆரம்பித்தது. நாத்தனார் எழுந்தாள்.

"எங்க போற? உட்காரு" என்றார் அவர், தலை நிமிராமல். "இன்னும் பன்னிரண்டு இருக்கு. அண்ணி நாளைக்கு வேலையை முடிச்சுக் குடுக்கணும்."