செத்த கை

செவ்வாய்தோறும் ஆட்டத்தை நடத்தும் பெர்னிஸ் மூன்று செவ்வாய்க்கிழமை கெடு கொடுத்திருந்தாள். அதற்குள் லெனோர், நாலு பேர் சேர்ந்து காய்களை வைத்து ஆடும் மாஜாங் கற்றாக வேண்டும். இல்லையென்றால் மேசையின் நாலாவது நாற்காலி, பக்கத்துக் கட்டடத்தில் காத்திருக்கும் வேறொருத்திக்குப் போய்விடும். இன்று மூன்றாவது செவ்வாய்.

விளையாட்டின் மேல் லெனோருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அந்த நாற்காலிதான் வேண்டும். கணவர் ஹார்விக்கு ஞாபகம் தப்பி ஒன்றரை வருடமாகிறது. அவரைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் செவ்வாய் காலை இரண்டு மணி நேரம்தான் இருப்பாள். போக்கிடம் இல்லாவிட்டால் அந்த நேரத்தையும் லெனோர் துணி துவைத்தே தீர்த்துவிடுவாள். தன்னை அவளுக்குத் தெரியாதா?

ஹார்வி இன்று விடிவதற்குள் நான்கு முறை ஆபீசுக்குக் கிளம்பியிருந்தார். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே லெனோருக்குப் பெரும்பாடாக இருந்தது.

"வலப்பக்கம் மூணு, எதிர்ல மூணு, இடப்பக்கம் மூணு. ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி வேண்டாத காயை அவங்ககிட்ட தள்ளு. ஜோக்கரை மட்டும் தள்ளக் கூடாது," என்றாள் பெர்னிஸ், நூறாவது தடவையாக.

"எனக்குத் தள்ளினா நான் வாயே திறக்க மாட்டேன்," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த ஃபிலிஸ்.

"நீ வாயைத் திறக்காம இருந்த நாள் எதுடி?"

இடப்பக்கம் இருந்த மார்ஷா சிரித்துக்கொண்டே காபியைக் குடித்தாள்.

இந்த வருடத்துக்கென்று அச்சிட்ட அட்டையில் இருக்கும் வெற்றி வரிசைகளில் ஒன்றைப் பதினான்கு காய்களில் அப்படியே சேர்க்க வேண்டும். கையில் எப்போதும் பதின்மூன்று. மேசையில் காய்களை அடுக்கிக் கட்டிய சுவரிலிருந்து ஒன்றை எடுத்து, ஒன்றைப் போட வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. லெனோருக்கு இன்று நல்ல காய்கள். இரட்டைப்படை வரிசை ஒன்று மளமளவென்று சேர்ந்தது. இன்னும் இரண்டே காய் என்ற சந்தோஷத்தில் எண்ணிப் பார்த்தாள்.

பன்னிரண்டு.

அசதியில், எடுக்காமலே ஒன்றைப் போட்டிருக்கிறாள். யாரும் கவனிக்கவில்லை. பேசாமல் இருந்தால் ஆட்டம் முடியும்வரை ஒப்பேற்றிவிடலாம், நாற்காலியும் தப்பிக்கும். ஆனால் ஹார்வி நன்றாக இருக்கிறார் என்று பிள்ளைகளிடம் தினமும் போனில் ஒப்பேற்றிக்கொண்டிருப்பவளுக்கு, இங்கேயும் அதைச் செய்யத் தெம்பில்லை.

"என்கிட்ட பன்னெண்டுதான் இருக்கு," என்றாள்.

"அசடே, யாரு கேட்டா உன்னை?" என்றாள் ஃபிலிஸ்.

பெர்னிஸ் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "கை செத்தாச்சு. இந்த ஆட்டத்துல இனி நீ ஆட முடியாது."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். ஆட்டம் முடியற வரைக்கும் சும்மா உட்காரு."

ஒன்றரை வருடத்தில் ஒருவர்கூட அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. லெனோருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். மற்ற மூவரும் காய்களின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் போட்டார்கள். கேட்டுக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள்.

விழித்தபோது மேசையில் அடுத்த ஆட்டத்துக்குச் சுவர்கள் எழும்பியிருந்தன. அவரவர் சுவரை அவரவர்தான் கட்ட வேண்டும். லெனோரின் சுவரைப் பெர்னிஸ் கட்டி முடித்திருந்தாள்.

"பக்கத்துக் கட்டடத்துப் பொம்பளைக்குப் போன் பண்ணி இடம் இல்லைன்னு சொல்லிட்டேன்," என்றாள் பெர்னிஸ், முகத்தைப் பார்க்காமல். "எடு. இந்த வாட்டி எண்ணிட்டுப் போடு."