ஜோடியில் ஒருவருக்குத்தான் லீவு

“அதுக்கில்லக்கா, குழந்தை தூங்கும்போது நானும் கொஞ்சம் தூங்கிக்குவேன்.”

“அடேங்கப்பா! பிள்ளை பெத்தவ ஒருத்திக்கும் இந்த யோசனை தோணல பாரு.”

அக்கா லிஃப்ட் கூண்டின் கூரையில் நின்று இரும்பு வடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வடம் நுழையும் துளை வழியாகத் தம்பியின் குரல் மேலே இயந்திர அறையிலிருந்து இறங்கி வந்தது. கூடப் பிறந்தவர்கள் இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள்.

“மெதுவா கீழ இறக்கு.”

“மெதுவா கீழ இறக்குறேன்.”

சொன்னதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கூண்டு அசைய வேண்டும். அந்தத் தொழிலில் உயிர் அந்த ஒற்றை வாக்கியத்தில் தொங்குகிறது. தம்பிக்கு அது வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. “டயப்பர மாத்துங்க” என்று மனைவி கிசுகிசுத்தால், “டயப்பர மாத்துறேன்!” என்று கிணற்றுக்குள் கத்துவதுபோலக் கத்துவான். தூங்கிய குழந்தை வீறிடும்.

“உன்ன நம்பியா அவ பஸ் ஓட்டப் போறா?”

“ஆமாக்கா. அடுத்த வாரம் அவ லீவு முடியுது. நான் வீட்டுல இல்லேன்னா அவ வேலைய விடணும். நீங்க சரின்னு சொன்னாத்தான் எனக்குக் கிடைக்கும்.”

கம்பெனியில் புதிதாக வந்த விதி அது. பிள்ளையைப் பார்க்க அப்பாவுக்கும் லீவு உண்டு. வீட்டில் நோயாளி இருந்தாலும் உண்டு. ஆனால் சேர்ந்து வேலை பார்க்கும் ஒரு ஜோடியில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான், அதுவும் மற்றவர் சம்மதித்தால்.

“யோசிக்கணும். நீ போயிட்டா நான் யாரைத் திட்டுவேன்?”

கூண்டு கீழ்த்தளத்தில் நின்றது. அக்கா கூரையிலிருந்து முதல் மாடிக் கதவு வழியே வெளியேறிக் கீழே வர, தம்பியும் படியிறங்கி வந்தான். கஞ்சி போட்ட சட்டையில் சூப்பர்வைசர் காத்திருந்தார். ஒருகாலத்தில் அவரும் கூண்டின் மேல் நின்றவர்தான். இப்போது நாற்காலி அவரை விடுவதில்லை.

“ஒரே ஜோடியில ரெண்டு பேரும் லீவு கேட்டா நான் எங்கம்மா போவேன்? இவனுக்குக் குழந்தை. உன் வீட்டுக்காரருக்கு இடுப்பு ஆபரேஷன். ரெண்டும் அடுத்த வாரமே!”

தம்பி அக்காவைப் பார்த்தான். “என்கிட்ட சொல்லவே இல்லையேக்கா?”

“சொன்னா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு ‘நீங்களே எடுத்துக்கங்க’ம்பே.”

“நீங்களே எடுத்துக்கங்கக்கா.”

“பாத்தீங்களா சார், தியாகி! நாளைக்கு இவன் பொண்டாட்டி என்னை பஸ்ஸுல ஏத்துவாளா?”

தம்பி சிரிக்க முயன்றான், முடியவில்லை. அக்கா துணியால் விரல் விரலாகக் கிரீஸைத் துடைத்தாள். அவள் குரலில் இருந்த கேலி மெல்ல இறங்கியது.

“வேற ஆள் இல்லைன்னு சொல்லாதீங்க சார். காலையில இவன் பிள்ளையப் பாக்கட்டும், நான் வேலைக்கு வரேன். அவளும் காலை வண்டிதான் கேட்டிருக்கா. மத்தியானம் நான் அவரைப் பாக்குறேன், இவன் வருவான். ஜோடிக்கு ரெண்டு வேளையும் ஒரு ஆள் குறையும்.”

சூப்பர்வைசர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

“கொஞ்ச நாளைக்கு நீங்க எங்ககூட மேல வந்து நில்லுங்களேன், சார்?”