வாளியில் கரைத்த உப்பு

தாஷ்கண்டின் புறநகரில் வெயில் இறங்கியதும் பெண்கள் வாளியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். தண்ணீர் தெளித்துப் பெருக்காத வாசலைத் தெருவே ஒரு மாதிரியாகப் பார்க்கும். கரோமத்தும் தினமும் தெளித்தாள். ஆனால் அவள் வாளியில் உப்பு கரைந்திருந்தது. தெளித்தது போக மீதியை வாசலோரச் சினார் மரத்தின் வேரில் ஊற்றிவிடுவாள்.

அந்த மரத்தை வெட்டச் சட்டம் விடாது. மீறினால் அபராதம், வழக்கு. பட்டுப்போன மரம் என்றால் அனுமதி கிடைக்கும். வழி சொல்லிக் கொடுத்தவன் தம்பி ஓலிம். "ஊரே இப்படித்தான்க்கா பண்ணுது. நீ மட்டும் என்ன பெரிய யோக்கியமா?" என்று சிரித்தான்.

கொரியாவில் வேலை செய்யும் மகன் புன்யோத் ஒருமுறை போனில், "வாசல்ல ஒரு கடை இருந்தா அங்கேயே வந்துடுவேம்மா" என்றிருந்தான். பேச்சுவாக்கில் சொன்னதுதான். தாய் அதைப் பிடித்துக்கொண்டாள். கடைக்கு இடம் வேண்டும்; அந்த இடத்தில் மரம் நின்றது. பிள்ளையைப் பார்க்காத ஏக்கம் பாவ புண்ணியம் பார்க்குமா?

ஜூலையிலேயே இலைகள் ஓரம் கருகி உதிரத் தொடங்கின.

ஒரு நாள் விடியற்காலையில் கரோமத் கதவைத் திறந்தாள். எதிர்வீட்டு முனவ்வர் மண்வெட்டியும் கையுமாக நின்று, தெரு வாய்க்கால் தண்ணீரைச் சினாருக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். அன்று வாய்க்கால் முறை முனவ்வருடையது.

"உன் முறைத் தண்ணிய ஏன் இங்க விடற?"

"மரம் தாகத்துல சாகுதுடி. என் முறை வர்றப்பல்லாம் இங்கதான் விடறேன். தேறவே மாட்டேங்குது."

"உன் தக்காளிச் செடி?"

"வாடிப்போச்சு. தக்காளிய சந்தையில வாங்கிக்கலாம். இந்த நிழல எந்தச் சந்தையில விக்கறான்?"

கரோமத்தால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"தாகமில்ல முனவ்வர், உப்பு. நான்தான் ஊத்தினேன். கடை கட்டினா பையன் வருவான்னு..."

முனவ்வர் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு தன் வீட்டைக் காட்டினாள். கதவை ஒட்டி ஒரு கடை, இழுத்து மூடிய ஷட்டரில் துரு. சட்டம் வருவதற்கு முன்பே தன் முசுக்கட்டை மரத்தை வெட்டி, மாஸ்கோவில் இருக்கும் மகனுக்காக அவள் கட்டியது.

"கடை வந்துச்சு, பின்னாலயே வெயிலும் வந்துச்சு. பையன் வரல. வாடகைக்கு விட்டுடும்மான்னு போன்ல சொல்றான்."

"என்மேல புகார் குடுப்பியா?"

"குடுத்து என்ன பண்ண? சட்டம் கோடாரியத்தான் தடுக்கும். வாளியத் தூக்கற கைய மனசாட்சிதான்டி தடுக்கணும். எழுந்து தோண்டு."

இருவரும் உப்பேறிய மண்ணை வெட்டி அள்ளினார்கள். குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு மறுபடி நிரப்பினார்கள். மரம் பிழைக்குமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

சேறு படிந்த கையோடு கரோமத் மகனை அழைத்தாள்.

"கடை கட்டப்போறதில்லடா. உன்னப் பார்க்காம என்னால இருக்க முடியல. அம்மாவுக்காக ஒரு தடவ வந்துட்டுப் போ."

"இதுவரைக்கும் நீ வான்னு கூப்பிட்டதே இல்லையேம்மா" என்றான்.

முனவ்வர் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினாள்.

"இந்த ஒரு வார்த்தைய அவன்கிட்ட முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா, இந்த மரத்துக்கு ஏன்டி இந்தக் கதி?"